இப்படி ஒரு பிள்ளை எங்களிடம் இல்லை

எனக்குப் பிள்ளைகள் மீது அருவருப்பு வந்தது. ஆசிரியை ஆக வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்ட பிறகுதான் வந்தது. எங்கள் கோயில் அடியார்கள் முன்னால் சொல்ல இது அழகான தொடக்கம் இல்லை. ஆனால் நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் எட்டு வருடம் வேலை செய்தேன். முதலில் நிருபர், பிறகு மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிக்கிற உதவி ஆசிரியர். பாரிசுக்கு வந்த பிறகு விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறேன். விசா கிடைத்து, பிரெஞ்சுப் பரீட்சையிலும் சித்தியடைந்தபோது, இனி என்ன என்ற கேள்வி வந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. முதலில் சில மாதம் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள் என்று வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஒரு பெண் சொன்னார். அப்படித்தான் லா சப்பலில், மெட்ரோ பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில், மாலை வீட்டுப்பாட வகுப்புக்குத் தொண்டராகப் போனேன். செவ்வாய், வியாழன், நாலரை முதல் ஆறு மணி வரை. அதை நடத்துவது ஒரு சிறு சங்கம். பொறுப்பாளர் மிரேய் என்ற பிரெஞ்சுப் பெண்.

போன முதல் வாரமே எனக்குக் குமட்டியது.

அந்த வகுப்பறையின் மணத்தை இன்றைக்கும் பிரித்துச் சொல்வேன். மழையில் நனைந்து ரேடியேட்டரில் காயும் கம்பளிக் கோட்டு. மிதிபட்ட பாலாடைக்கட்டி. கதவு சாத்தாத கழிவறை. பிள்ளைகள் அங்கே போய்விட்டுக் கை கழுவாமல் வந்து பிஸ்கட் பெட்டிக்குள் கைவிடுவார்கள். ஒருவன் மூக்குச்சளியை மேசையின் அடியில் பூசுவான். இன்னொருத்தி அழிறப்பரைக் கடித்துக் கடித்து என் கொப்பியில் துப்புவாள். மற்றத் தொண்டர்கள் சிரித்தார்கள். நான் கைக்குட்டையால் கொப்பியைத் துடைத்தேன். அவர்கள் கோப்பி குடித்தபடி, பிள்ளைகளைப் பற்றி, அவர்கள் காதுபடவே, நோயாளிகளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். அதுவும் எனக்கு அருவருப்பாக இருந்தது. எனக்கு எதுதான் அருவருப்பாக இல்லை.

எனக்குத் தரப்பட்ட பிள்ளை தர்சிகா. ஏழு வயது. தமிழ்ப் பிள்ளை என்பதால் என்னோடு விட்டார்கள். வன்னியில் பிறந்து, மூன்று வயதில் தாயோடு இங்கே வந்தவள். தகப்பன் லியோனில் ஓர் உணவகத்தில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். தாய் சுகந்தி, லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்கட்டில் மரக்கறி வெட்டுகிறாள். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. நான் குனிந்து சொல்லிக்கொடுப்பேன், அவளும் குனிவாள், இரண்டு தலையும் முட்டும்.

மூன்றாம் வாரம் என் தலையில் பேன் ஊர்ந்தது.

பாரிசுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டுக் குளியலறையில், வெள்ளைப் பீங்கான் மீது தலையை வாரினேன். ஏழு விழுந்தன. எண்ணினேன். என் கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"விட்டிட்டு வாவன்" என்றார். "உனக்கு இது சரிவராது. நீ ஆளைப் பாக்கிறேல்லை. ஆளிலை இருக்கிற பிழையைத்தான் பாக்கிறாய்."

கோபம் வந்தது. கோபத்தை அவர் மேல் காட்டாமல் சுகந்தி மேல் ஏற்றினேன். ஆறு மணிக்கு வர வேண்டியவள் ஆறேகாலுக்கு வருவாள். பொரித்த எண்ணெய் மணக்கும். கழுத்தில் சங்கிலி இருக்கும், காதில் ஃபோன் இருக்கும், பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்க்க மாட்டாள். "ரீச்சர், இவள் குழப்படியோ?" என்று மட்டும் கேட்பாள், பதிலுக்கு நிற்க மாட்டாள். நான் ரீச்சர் இல்லை. ஆனாலும் அவள் அப்படிக் கூப்பிடும்போது உள்ளுக்குள் இனித்தது. இனித்தது என்பதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்க் கேட்டேன். "பிள்ளையாரே, ஒன்றில் இந்த அருவருப்பை எடு. அல்லது ரீச்சர் ஆகிற இந்த ஆசையை எடு. இரண்டையும் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை." எடுத்தால் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குக் காசு அனுப்பி நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பிப்பதாக நேர்ந்தேன். பதில் இல்லை. அடுத்த வாரமும் அதே மணம், அதே பிஸ்கட் பெட்டி.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. தர்சிகா கோட்டைக் கழற்றியபோது சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே ஒரு சிவந்த வட்டம். ஒரு சிறிய எலுமிச்சம்பழ அளவு. பக்கத்தில் நீலம் பாரித்த வீக்கம்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

அவள் கையை இழுத்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா சூடு வைச்சவ."

நான் கேட்டது ஒரு கேள்வி. எட்டு வருடம் நாளிதழில் வேலை செய்தவள், ஒரே ஒரு கேள்வி. அடுத்த கேள்வி என் வாயில் வரவில்லை. ஏன் வைத்தவ, எதனால் வைத்தவ, எப்ப வைத்தவ என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைக்கிற தாய்மாரைப் பற்றி ஊரில் செய்தி எழுதியிருக்கிறேன். எண்ணெய் மணமும், பேனும், பிந்தி வருவதும், ஃபோனும் ஒரு நொடியில் ஒன்றுசேர்ந்து, இவள் இதைத்தான் செய்வாள் என்று சொல்லின.

மிரேயிடம் போனேன். அவர் முகம் இறுகியது. பிள்ளைகளைப் பற்றிக் கவலை ஏற்பட்டால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. அது பள்ளிச் செயலகத்துக்குப் போகும். அங்கிருந்து அதிபர், அதிபரிடமிருந்து சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகள். எங்கள் சனம் பயந்து பேசுகிற வார்த்தை, "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்", அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அது தெரிந்தும் எழுதினேன். தெளிவான பிரெஞ்சில், பிழையில்லாமல்: தாய் தன்னைச் சுட்டதாகப் பிள்ளை தமிழில் கூறினாள். மிரேய் வாசித்தார். மேலே உள்ள கட்டங்களைப் பார்க்கவில்லை, அந்த வரியைத்தான் பார்த்தார். "மிகத் துல்லியம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைய தினத்தில் நான் மிகவும் அருவருக்கிற விடயம் அந்தப் பெருமைதான்.

மறுநாள் வெள்ளி. வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். நல்லது செய்துவிட்டேன் என்று சொல்லப் போனேன். பிள்ளையார் முன்னால் தலையில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சிரிப்பு.

"ரீச்சர், என்ன பள்ளிக்கூடத்திலை பிழை விட்டிட்டியளோ?"

சுகந்தி. குளித்துத் தோய்ந்து, திருநீறு பூசி, தலை வாரியிருந்தாள். எண்ணெய் மணம் இல்லை. பக்கத்தில் தர்சிகா. என்னோடு சேர்ந்து தானும் காதைப் பிடித்து இரண்டு தரம் இருந்தெழும்பினாள்.

நான் காதிலிருந்து கையை எடுத்தேன். சுகந்திதான் பேசினாள்.

"இவளின்ரை கையைப் பாத்தனீங்களோ அக்கா? புதன்கிழமை கட்டடத்து இரும்புக் கதவுக்குள்ளை குடுத்திட்டாள். அப்பிடியே வீங்கிப்போச்சு. உப்பை வறுத்துச் சீலையிலை கட்டி ஒத்தணம் பிடிச்சனான். அவசரத்திலை சூடு கொஞ்சம் கூடிப்போச்சு. சிவந்தே போச்சு. இவள் அழேல்லை, நான்தான் அழுதது."

"ஒத்தணம்" என்றேன்.

"ஓம். அந்தச் சொல்லு இவளுக்குத் தெரியாது. எல்லாம் சூடுதான். கோப்பியும் சூடு, காய்ச்சலும் சூடு, ஒத்தணமும் சூடு. பிரெஞ்சிலை மட்டும் நல்லாக் கதைப்பாள்." பிள்ளையின் தலையில் செல்லமாகத் தட்டினாள். "தலையிலை பேனும் இருக்கு. பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் இருக்காம். நீங்களும் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா, கிட்ட இருந்து படிப்பிக்கிறியள்."

பூசை மணி அடித்தது. அவள் கைகூப்பி முன்னால் போனாள். நான் வெளியே வந்தேன்.

கோயில் சுவரோரம் நின்று மிரேய்க்கு ஃபோன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் படிவத்தை மதியமே செயலகத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "தாயோடு பேசிவிட்டு இப்போது மாற்றினால், தாய் உங்களை மிரட்டினார் என்றுதான் நினைப்பார்கள். இனி அது பள்ளியின் கையில்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

திரும்ப உள்ளே போனேன். இந்தத் தரம் அருவருப்பை எடு என்று கேட்கவில்லை. அது முழுவதும் என் பக்கம் திரும்பியிருந்தது, அது எனக்கு உரியது. "அந்தக் கடதாசி போகக் கூடாது" என்று மட்டும் கேட்டேன். "போனாலும், அந்தப் பிள்ளை தாயிடம் இருக்க வேண்டும்." நேர்த்தி எதுவும் வைக்கவில்லை. என்னிடம் பேரம் பேச முகம் இல்லை.

சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் பூட்டு. அந்த இரண்டு நாளும் சுகந்தி கதவைத் திறக்க, வெளியே கோப்புடன் இரண்டு பேர் நிற்பதாக நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவர்கள் கேட்கிற கேள்வி சுகந்திக்கு விளங்காது. விளங்காமல் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் எழுதிக்கொள்வார்கள். எழுதுகிற ஆட்கள் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

திங்கள் பத்துத் தடவை செயலகத்துக்கு ஃபோன் எடுத்தேன். யாரும் எடுக்கவில்லை. "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று சொல்லிச் சொல்லித்தான் அன்றைக்கு நிலத்தைத் துடைத்தேன்.

செவ்வாய் நாலரை மணிக்கு மிரேய் வாசலில் நின்றார். கையில் என் படிவம். அதன் மூலையில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள். செயலாளரின் உருண்டைக் கையெழுத்தில் பிரெஞ்சில் ஒரு வரி:

இப்படி ஒரு பிள்ளை எங்களிடம் இல்லை.

நான் படிவத்தைப் பார்த்தேன். நொம் என்ற கட்டத்தில் தர்சிகா. பிரெநொம் என்ற கட்டத்தில் சிவகுமார், அவள் தகப்பனின் பெயர்.

அடியார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, நாங்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தில் ஒரு தரம் தடுக்கி விழுந்தவர்கள்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே நொம் என்று கேட்டால் அப்பாவின் பெயரை எழுத வேண்டும், பிரெநொம் என்றால் எங்கள் பெயரை. பெயர் என்றதும் கூப்பிடுகிற பெயரை முதல் கட்டத்தில் எழுதிவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு நான்தான் லா சப்பல் கடையொன்றில் இருந்து படிவம் திருத்திக் கொடுப்பேன். சிரித்துச் சிரித்துத் திருத்துவேன். ஒரு பிரெஞ்சுப் பிழைகூட இல்லாமல் குற்றப்பத்திரிகை எழுதிய என் கை, முதல் கட்டத்திலேயே புதிதாய் வந்த ஆளைப் போலப் பிழைவிட்டிருந்தது. வகுப்பு என்ற கட்டம் வெறுமை. இரண்டு மாதம் பக்கத்தில் இருந்த பிள்ளை எந்த வகுப்பு என்று எனக்குத் தெரியாது.

செயலாளர் குடும்பப் பெயர் வரிசையில் தேடியிருக்கிறார். தர்சிகா குடும்பத்தில் சிவகுமார் என்ற பிள்ளையைத் தேடியிருக்கிறார். இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்.

இதைத் தற்செயல் என்று ஒருவர் சொல்லலாம். நானும் செய்தியாக எழுதினால் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் நான் வேண்டிக்கொண்டு நின்றவள். என் கேள்விக்கு வந்த பதிலை என் கண்ணால் வாசித்தேன். சூடு வைக்கப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றி நான் எழுதினேன். இப்படி ஒரு பிள்ளை எங்களிடம் இல்லை என்று எழுதி வந்தது. அதைவிடச் சரியான திருத்தத்தை என் வாழ்நாளில் எந்த ஆசிரியரும் எனக்குச் செய்ததில்லை.

மிரேய் என்னை நம்பவில்லை. நம்பாதது நியாயம். "நீங்கள் வியாழன் ஒன்றைக் கேட்டீர்கள், வெள்ளி இன்னொன்றைக் கேட்டீர்கள். கையைப் பள்ளித் தாதி பார்க்கட்டும், தாயும் வரட்டும்" என்றார். சம்மதித்தேன். அதற்கு முன் சுகந்தியிடம் ஏன் வரச் சொல்கிறார்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அன்று ஆறேகாலுக்கு அவள் வந்தபோது பள்ளி வாசல் படலையடியில் வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெருமைப்பட்டதைத் தவிர.

அவள் ஃபோனைப் பைக்குள் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீங்கள் பேப்பரிலை வேலை செய்தனீங்களெண்டு இவள் சொன்னவள்."

"ஓம்."

"விசாரியாமலோ அங்கை பேப்பரிலை போடுறது?"

"விசாரிச்சுத்தான்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை கோயிலிலை நான் உங்களோடை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கிறன். கடதாசி அங்கை போயிட்டுது. நீங்கள் வாயைத் திறக்கேல்லை." பிள்ளையின் கையைப் பிடித்தாள். "கும்பிட்டுக்கொண்டு வேறை நிண்டனீங்கள்."

வியாழன் தாதியின் அறைக்கு அவள் வந்தாள். ஒரு பையில் அந்தச் சீலைத்துண்டையும் உப்பையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மொழிபெயர்க்க இருந்தவள் நான், ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் கேட்டுத்தான் பெயர்த்தேன். முடிச்சின் அளவும் சிவப்பின் அளவும் ஒன்று. கதவில் நசிந்த வரி பக்கத்தில் தனியாகத் தெரிந்தது. தர்சிகாவிடமும் தாதி தனியாகக் கேட்டார், அவள் பிரெஞ்சில் முழுக் கதையையும் கதவுச் சத்தத்தோடு நடித்துக் காட்டினாள். தாதி அந்த உப்பு முடிச்சைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தார். மருந்துக்கடையில் இதற்குப் பெரிய விலை என்று சிரித்தார். அடுத்த தரம் முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள் என்று சுகந்தியிடம் சொன்னார். கதவில் நசிந்த காயம், ஒத்தடத்தால் இலேசான சிவப்பு என்று எழுதி முடித்தார். அதோடு முடிந்தது.

சுகந்தியோடு முடியவில்லை. இரண்டு வாரம் பிள்ளையை அவள் அனுப்பவில்லை. எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. மூன்றாம் வாரம் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு விருப்பமில்லை. இவள்தான் உங்களிட்டைப் போகோணுமெண்டு நிக்கிறாள். ஏதோ ஒரு பாடம் அரைவாசியிலை நிக்குதாம்." திரும்பிப் போகும்போது நின்றாள். "இவள் என்ன சொன்னாலும் எனக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கோ. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டாலும் எடுப்பன்."

எடுக்கிறாள். இப்போது வாரத்தில் ஒரு நாளாவது பேசுகிறோம். ஆறு மணிக்கு ஏன் வர முடிவதில்லை என்று கேட்டேன். முதலாளி ஆறு மணிக்குத்தான் விடுகிறார், ஓடிவரப் பதினைந்து நிமிடம். காதில் இருக்கிற ஃபோனில் பேசுவது லியோனில் உள்ள தகப்பன், அந்த நேரத்தில்தான் அவருக்கு ஓய்வு. கேட்டால் சொல்லக்கூடியவை. நான் கேட்டதில்லை.

என் அருவருப்பு போய்விட்டதா என்றால், முழுவதும் போகவில்லை. மேசையின் அடியைத் தொட இப்போதும் எனக்குக் கூசும். பேன்சீப்பு என் கைப்பையில் இருக்கிறது. ஆனால் மணத்தை மணமாக மட்டும் முகர்கிறேன், அதை வைத்து ஆளை எழுதுவதில்லை. பிள்ளையார் நான் கேட்ட இரண்டில் எதையும் எடுக்கவில்லை. ஆசையும் இருக்கிறது. பள்ளிகளில் ஒப்பந்த ஆசிரியையாக விண்ணப்பித்திருக்கிறேன். படிவத்தின் முதல் கட்டத்தை மூன்று தரம் வாசித்த பிறகுதான் நிரப்பினேன்.

அந்த மஞ்சள் தாள் என் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. சென்ற வியாழன் தர்சிகா அதைக் கண்டுவிட்டாள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, யாரும் உதவாமல் அந்த வரியை முழுவதும் வாசித்தாள். அவள் தானாக வாசித்த முதல் முழு வசனம் அது.

"எந்தப் பிள்ளை இல்லை, ரீச்சர்?"

"நான் பிழையா எழுதின பிள்ளை."

அவள் யோசித்தாள். பென்சிலை என் கையில் வைத்தாள்.

"அப்ப சரியா எழுதுங்கோ."

எழுதினேன். நொம், சிவகுமார். பிரெநொம், தர்சிகா. வகுப்பு என்ன என்று அவளிடம் கேட்டு அதையும் எழுதினேன்.

அடியார்களே, உங்களில் யாராவது ஒருவரை முகஞ்சுளித்துப் பார்த்து, அவரைத் தெரிந்துவிட்டது என்று நினைத்திருந்தால், அந்த நினைப்போடு கோயிலுக்கு வாருங்கள். எதையும் மறைக்காமல் கேளுங்கள். பதில் வரும். எனக்கு அது ஒரு செயலாளரின் உருண்டைக் கையெழுத்தில் வந்தது. உங்களுக்கு எந்தக் கையெழுத்தில் வருகிறதோ, நின்று வாசியுங்கள்.